ப்ரீ.கே.ஜி.யா, அங்கன்வாடியா?

கேள்வி: இருவரும் வேலைக்குப் போகிறோம். 3 வயது மகளின் ப்ரீ.கே.ஜி. கட்டணம், மாலைக் காப்பகச் செலவு இரண்டும் கட்டுப்படியாகவில்லை. எதைக் குறைப்பது?

பதில்: பள்ளிக் கட்டணத்தைத்தான். இந்த வயதுக்கு வேண்டியது பேச்சு, பாட்டு, விளையாட்டு, நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் முன்பருவக் கல்வியும் மதிய உணவும் இலவசம். ஆங்கிலம் வராதே என்று தயங்குவீர்கள். தாய்மொழியில் சரளமாகக் கதை சொல்லப் பழகிய பிள்ளை இன்னொரு மொழியைப் பிறகு கற்றுக்கொள்ளும். அந்த அச்சத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம். அங்கன்வாடி மாலைவரை இருக்காது என்பதுதான் நியாயமான தடை. மிச்சமாகும் பணம் நல்ல காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். அதற்குமுன் உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள்: 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரிந்தால், 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கொண்டுவந்த விதிப்படி காப்பக வசதி தந்தாக வேண்டும், தாய் நாளுக்கு 4 முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம்.