இல்ல அலங்காரத்தில் பழமையும் புதுமையும்

இல்லத்தையும் கோயிலாகப் போற்றுவது நம் மரபு. இன்று வீவக வீடுகளைப் புதுப்பிக்கும் நம்மவர் பலர், நவீன வசதிகளோடு பழமையின் அழகும் வேண்டுமென விரும்புகின்றனர். மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆயினும், நம் முன்னோர் வீட்டில் அழகு சேர்த்தவை பெரும்பாலும் அன்றாடம் புழங்கிய பொருள்களே என்பதை நாம் மறத்தலாகாது.

1. வாசல்

அரிசி மாக்கோலம் அழகுடன் எறும்புக்கு உணவுமாகும். அடுக்குமாடித் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி தடையின்றி இருக்க வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. ஆகவே நிலைப்படிக்கு உட்புறம் ஒரு சிறு கற்பலகையை வைத்து, அதன்மேல் நாள்தோறும் கோலமிடலாம். ஒட்டுக்கோலம் கண்ணுக்கு அழகு. கைக்குப் பழக்கம் தராது. மாவிலையும் தேக்காவில் எளிதில் கிடைக்கிறது. விசேட நாள்களிலாவது பிளாஸ்டிக் தோரணத்தைத் தவிர்ப்போமே!

2. பூசையிடம்

தனியறை இல்லையெனில், கிழக்கு நோக்கிய தூய மூலை போதும். தீபத்திற்கு மேலே மரத்தட்டு தாழ்வாக இருத்தல் ஆகாது. திரைச்சீலையும் விலகியிருக்க வேண்டும். பளபளப்புக்காக மேற்பூச்சுப் பூசிய விளக்கை வாங்காதீர்கள். புளியிட்டுத் துலக்கக்கூடிய பித்தளையே சிறந்தது.

3. வரவேற்பறை

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில், கண்ணாடியின்மேல் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றிக் கையால் தளக்கற்கள் செய்கின்றனர். அவற்றைச் சூளையில் சுடுவதில்லை. நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகின்றனர். நடமாட நடமாட அவை மெருகேறும். வீடு முழுவதும் பதிக்க இயலாவிடினும், பூசையிடத்தின் முன்னே சில கற்கள் பதிக்கலாம். ஊஞ்சல் விரும்புவோர், கூரையில் தொங்கவிடாமல் சட்டத்தில் மாட்டியதை வாங்கலாம். தஞ்சாவூர் ஓவியத்தை வெயிலும் ஈரமும் படாத சுவரில் மாட்டுக.

வீடு மாறும் குடும்பங்கள் சில, சுவாமி படங்களையும் விளக்குகளையும் கோயில் வாசலில் வைத்துவிட்டுச் செல்வதை நிர்வாகக் குழுவினர் நாங்கள் காண்கிறோம். பெற்றோர் ஆசையாய் வாங்கியவை அவை. பிள்ளைகளுக்கோ அவற்றோடு உறவில்லை. எனவே ஒரு விளக்கை வாங்குமுன், அதைத் துலக்கி ஏற்றப்போவது யார் என்று கேளுங்கள். கோலத்தை ஒரு பிள்ளையிடமும், திரி போடுவதை மற்றொரு பிள்ளையிடமும் ஒப்படையுங்கள். கேட்டதை மறக்கும் பிள்ளைகள், தாமே செய்ததை மறப்பதில்லை. இது என் ஆசிரியப் பணி எனக்குக் கற்பித்த பாடம்.

அளவோடு வாங்குவோம், வாங்கியதை அன்றாடம் பேணுவோம். அன்பர்கள் இல்லந்தோறும் தீபம் ஒளிர இறையருள் கூடுவதாக!