கடைசி நாளில் வீழ்ந்தவர்

போர் எந்த நொடியில் முடிகிறது? ஒப்பந்தத்தில் கையொப்பம் விழும்போதா, கடைசிக் குண்டு வெடிக்கும்போதா? இரண்டும் ஒன்றல்ல என்பதை வரலாறு காட்டுகிறது.

முதல் உலகப் போரை நிறுத்தும் உடன்பாடு 1918 நவம்பர் 11 அன்று விடியற்காலை ஐந்து மணியளவில் கையெழுத்தாயிற்று. துப்பாக்கிகள் ஓயக் குறித்த நேரமோ பகல் 11 மணி. இடைப்பட்ட ஆறு மணி நேரத்திலும் மனிதர் மடிந்தனர். 10.59-க்கு அமெரிக்க வீரர் ஹென்றி குந்தர் வீழ்ந்தார். அன்றே இறந்த பிரெஞ்சு வீரர் ஒகுஸ்தென் திரெபுஷோனின் கல்லறையிலோ, நவம்பர் 10 என்று பொறித்துவிட்டார்கள்! போர் முடிந்த நாளில் ஒருவர் செத்தார் என்றெழுதக் கூச்சம் போலும்.

நம் நாட்டுக்கு வருவோம். 1971 டிசம்பர் 16 மாலை டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மேற்கு எல்லையில் போர் ஓய்ந்தது மறுநாள் இரவு 8 மணிக்குத்தான். கிழக்கே வெற்றி முழங்கிய அதே 16-ஆம் நாள், மேற்கே ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரைப் போரில் உயிர் நீத்தார் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால். வயது இருபத்தொன்று, என்னைவிட ஒன்றே கூடுதல். அதிகாரியாகி ஆறு மாதமே ஆகியிருந்தது.

அன்றைய சமரில் எதிரியின் பத்து டாங்கிகள் அழிந்தன. நான்கு இவர் சுட்டவை. இவருடைய டாங்கியும் தீப்பற்றியது. வெளியேறும்படி வயர்லெஸ்ஸில் ஆணை வந்தது. பீரங்கி இன்னும் சுடுகிறது, டாங்கியைக் கைவிட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். மீண்டும் ஒரு குண்டு பாய்ந்தது.

பிள்ளைப்பாக்கத்தில் வீட்டுத் திண்ணையில் இதை உரக்கப் படித்தேன். எழுத்தறியாத என் அம்மா, "ஒரு நாள் முன்னாலயே நிறுத்தித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றார். எந்தப் பாடநூலும் என்னிடம் கேட்காத கேள்வி! மேற்கில் போர்நிறுத்தம் என்ற அறிவிப்பே அன்று மாலைதான் வந்தது. களத்தில் நின்றவருக்கு அது கடைசி நாள் அன்று, மற்றுமொரு நாள்.

வீழ்ந்தவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. கேத்தர்பாலுக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் அணிவகுப்புத் திடல் அவர் பெயர் தாங்குகிறது. 2023-இல் அந்தமானில் ஒரு தீவுக்கும் அப்பெயர் சூட்டினர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நண்பர்களே. மறுநாள் 17-ஆம் தேதி, அதே போர்முனையில் ஜர்பால் என்னுமிடத்தில், தாக்குதலை முன்னின்று நடத்திய பாகிஸ்தான் லெப்டினன்ட் கர்னல் முகம்மது அக்ரம் ராஜா மாண்டார். அன்றிரவே துப்பாக்கிகள் ஓயவிருந்தன. அவருடைய வீரத்தைப் புகழ்ந்து சான்று எழுதியவர், அவரை எதிர்த்து நின்ற இந்தியப் பட்டாளத்தின் தளபதி ஏரி. பாகிஸ்தான் பின்னர் ராஜாவுக்கு ஹிலால்-இ-ஜுராத் விருதளித்தது.