பந்து வட்டமல்ல: பிள்ளைகளுக்குத் தளவுருக்களும் திண்மங்களும்



ட்வெய்ட்டாவில் எங்கள் அயலில் வசிக்கும் ஒரு தாய் மனம் வருந்திச் சொன்ன விடயம் இது. முதலாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் வீட்டுப்பாடத் தாள் ஒன்றைக் கொண்டு வந்தாள். அதில் ஒரு பந்தின் படம் இருந்தது. "அம்மா, இது என்ன வடிவம்?" என்று கேட்டாள். "வட்டம், பிள்ளை" என்றார் தாய். மகள் நோர்வேஜிய மொழியில் "சிர்கெல்" என்று எழுதிக்கொண்டு போனாள். அது பிழை என்று திரும்பி வந்தது. "கூலெ", அதாவது கோளம் என்று எழுதியிருக்க வேண்டும். அடுத்த வாரம் மகள் தாளைக் காட்டவில்லை. "உங்களுக்குத் தெரியாது அம்மா, நான் பள்ளிக்கூடத்திலை கேக்கிறன்" என்று சொல்லிவிட்டாளாம்.

பிழை சிறியதுதான். ஆனால் ஆறு வயதில் தாயிடம் கணக்குக் கேட்பதை விட்ட பிள்ளை பத்தாம் வகுப்பில் வந்து கேட்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எங்களில் பலர் ஊரில் சாதாரண தரம் வரை கணிதத்தைத் தமிழிலேயே படித்தவர்கள். எங்களுக்குத் தெரியாதது கணிதமல்ல, நோர்வேஜியச் சொற்கள்தான். விளக்கத்தைத் தமிழில் கொடுத்தால், சொல்லைப் பிள்ளை பாடசாலையில் பெற்றுக்கொள்ளும். ஆகவே அந்தப் பழைய பாடத்தை இங்கே ஒருமுறை மீட்டுப் பார்ப்போம்.

1. தளவுரு எது, திண்மம் எது?

நீளமும் அகலமும் மட்டும் உள்ளது தளவுரு. வட்டம், சதுரம், செவ்வகம், முக்கோணி ஆகியவை தளவுருக்கள். இவற்றுடன் தடிப்பும் சேர்ந்து, இடத்தை அடைத்து நிற்பது திண்மம். கோளம், சதுரமுகி, கனவுரு, உருளை, கூம்பு, கூம்பகம், அரியம் ஆகியவை திண்மங்கள்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, "கடதாசியில் வெட்டிய வட்டத்துக்கும் தடிப்பு இருக்கிறதே?" என்று கேட்கக்கூடும். அது சரியான கேள்வி. வெட்டிய கடதாசித் துண்டு மிக மெல்லிய ஒரு திண்மம்தான். அதன் மேற்பரப்பில் நாம் காணும் உருவே வட்டம்.

2. எதை முதலில் கற்பிப்பது?

தாளில் வட்டமும் சதுரமும் கீறுவது இலகு என்பதால் நாங்கள் தளவுருவில் தொடங்குகிறோம். ஆனால் பிள்ளை முதலில் கையில் எடுப்பது பந்தையும் பெட்டியையும்தான். பிரெடெரிக் புரோபல் என்ற ஜெர்மானியக் கல்வியாளர் 1837இல் பாட் பிளாங்கென்பூர்க் என்னும் ஊரில் சிறு பிள்ளைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் "குழந்தைகளின் தோட்டம்" எனப் பொருள்படும் பெயரை இட்டார். நோர்வேயில் நாம் சொல்லும் "பார்ணெஹாகெ" அதே பெயரின் மொழிபெயர்ப்புத்தான். புரோபல் பிள்ளைகளுக்குக் கொடுத்த பொருட்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் பந்து, பின்பு மரத்தாலான கோளம், உருளை, சதுரமுகி. இவற்றுக்குப் பின்னரே தட்டையான பலகைத் துண்டுகளும் குச்சிகளும் வந்தன.

இன்று நோர்வேப் பார்ணெஹாகெகளுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டகத்திலும் ஏழு பாடத்துறைகளில் ஒன்று எண்ணிக்கை, இடம், வடிவம் பற்றியது. ஆகவே ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது முந்திய பாடமல்ல.

3. சமையலறையில் ஒரு பாடம்

தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. மீன் பேணி உருளை. புட்டுக் குழலும் உருளை. ஊரிலிருந்து கொண்டுவந்த நீத்துப்பெட்டி இருந்தால் அது கூம்பு. நெருப்புப்பெட்டி கனவுரு. தோடம்பழம் ஏறக்குறையக் கோளம். இவற்றை மேசையில் வைத்துப் பிள்ளையோடு மூன்று வேலைகள் செய்யுங்கள்.

முதலாவது, உருட்டிப் பார்த்தல். எது உருளும், எது வழுக்கும், எதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம்? பேணி உருளவும் செய்யும், அடுக்கவும் முடியும். ஏன் என்று பிள்ளையே சொல்லட்டும்.

இரண்டாவது, அச்சுப் பதித்தல். மஞ்சள் கரைத்த மாவில் பேணியின் அடியைத் தோய்த்துக் கடதாசியில் பதித்தால் வட்டம் வரும். நெருப்புப்பெட்டியைப் பதித்தால் செவ்வகம் வரும். பந்தைப் பதித்தால் ஒரு பொட்டு மட்டும் விழும், ஏனென்றால் பந்துக்குத் தட்டையான முகமே இல்லை. திண்மத்தின் தட்டையான முகமே தளவுரு என்பதைப் பிள்ளை இங்கே கண்ணால் காண்கிறது.

மூன்றாவது, வெட்டிப் பார்த்தல். கத்தி உங்கள் கையில் இருக்கட்டும். கரட்டைக் குறுக்கே நேராக வெட்டினால் வட்டம், சரித்து வெட்டினால் நீள்வட்டம். கோளத்தை மட்டும் எப்படி வெட்டினாலும் வட்டம்தான். வெறும் பால் பெட்டியையும் விளிம்பு வழியே வெட்டி விரித்துக் காட்டுங்கள். நிமிர்ந்து நின்ற திண்மம் மேசையில் தட்டையாகக் கிடக்கும்.

4. தெருவில் ஒரு பாடம்

சென்டருக்கு நடந்து போகும்போது வீதிக் குறியீடுகளைக் காட்டுங்கள். எச்சரிக்கைக் குறியீடு முக்கோணி. வழிவிடச் சொல்வதும் முக்கோணி, ஆனால் தலைகீழாக நிற்கிறது. நிறுத்தச் சொல்வது எண்கோணி. முன்னுரிமை வீதியைக் காட்டும் மஞ்சள் குறியீடு, ஒரு மூலையில் நிற்கும் சதுரம். அதைச் சதுரம் என்று பல பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதற்குக் காரணம் உண்டு. 1957இல் ஒல்லாந்தைச் சேர்ந்த கணித ஆசிரியர்களான வான் ஹீலே தம்பதியினர், பிள்ளை முதற்படியில் வடிவத்தை அதன் முழுத் தோற்றத்தால் மட்டுமே அறிகிறது, பக்கங்களையும் கோணங்களையும் கவனிப்பது அடுத்த படியில்தான் என்று விளக்கினார்கள். ஆகவே ஏசாதீர்கள். ஒரு சதுரக் கடதாசியைக் கையில் கொடுத்துத் திருப்பச் சொல்லுங்கள். "திருப்பினதாலை பக்கம் நீண்டதா, மூலை மாறினதா?" என்று கேளுங்கள்.

எங்கள் ட்வெய்ட்டாவில் மூன்று உயர்ந்த தொடர்மாடிகள் நிற்கின்றன. அவற்றில் முகம் எது, விளிம்பு எது, உச்சி எது என்று கேட்கலாம். யன்னல் செவ்வகங்களை எண்ணத் தொடங்கினால் வீடு வந்து சேரும்வரை பொழுது போகும்.

5. இரண்டு மொழிப் பெயர்கள்

வட்டம் – சிர்கெல்
சதுரம் – க்வட்ராட்
செவ்வகம் – ரெக்தாங்கெல்
முக்கோணி – த்ரேகந்த்
நாற்பக்கல் – ஃபீர்கந்த்
கோளம் – கூலெ
சதுரமுகி – தேர்னிங் அல்லது கூபெ
உருளை – சிலிண்டெர்
கூம்பு – ஷெக்லெ
கூம்பகம் – பிரமீடெ
அரியம் – ப்ரிஸ்மெ

"ஃபீர்கந்த்" என்றால் சதுரம் என்று பலர் நினைக்கிறோம். அது நாலு பக்கமுள்ள எந்த உருவையும் குறிக்கும். எல்லாச் சதுரமும் ஃபீர்கந்த், ஆனால் எல்லா ஃபீர்கந்தும் சதுரமல்ல.

பெயர்களே பாடம் சொல்வதையும் கவனியுங்கள். நோர்வேஜியப் பெயர் மூன்று "கந்த்", அதாவது மூன்று விளிம்பு என்கிறது. தமிழ்ப் பெயர் மூன்று கோணம் என்கிறது. எத்தனை பக்கமோ அத்தனை கோணம் என்பது இரு மொழியையும் சேர்த்துப் பார்க்கும் பிள்ளைக்குத் தானாக விளங்கும். "தேர்னிங்" என்பது தாயக்கட்டைக்கும் பெயர். ஆனால் "சதுரமுகி" என்ற சொல், சதுரங்களை முகமாக உடையது என்று அந்தத் திண்மத்தையே விளக்கிவிடுகிறது.

தமிழ்நாட்டுப் புத்தகங்களில் முக்கோணம், கனசதுரம், கனசெவ்வகம் என்றிருக்கும். இரண்டும் சரியே. பிள்ளை குழம்பாமல் இருக்க வீட்டில் ஒன்றையே பாவியுங்கள்.

6. சிறுவர்களே, செய்து பாருங்கள்

ஊறவைத்த கடலையையும் பல்லுக்குத்தும் குச்சிகளையும் எடுங்கள். கடலை உச்சி, குச்சி விளிம்பு. 8 கடலையும் 12 குச்சியும் இருந்தால் சதுரமுகி செய்யலாம். 4 கடலையும் 6 குச்சியும் இருந்தால் நான்முகி. இரண்டையும் மெல்ல அழுத்துங்கள். சதுரமுகி சரியும், நான்முகி அசையாது. முக்கோணியின் பலம் அது. பாரந்தூக்கிகளில் முக்கோணிகள் நிறைந்திருப்பது இதனால்தான். (தம்பி தங்கை கடலையை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கேள்விகள்

அ. நெருப்புப்பெட்டிக்கு எத்தனை முகம், விளிம்பு, உச்சி?
ஆ. சதுர அடியுள்ள கூம்பகத்துக்கு எத்தனை கடலை, எத்தனை குச்சி தேவை?
இ. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு: மேலுள்ள ஒவ்வொரு திண்மத்திலும் முகங்களையும் உச்சிகளையும் கூட்டி விளிம்புகளைக் கழித்தால் என்ன வருகிறது?

விடைகள்: அ. 6, 12, 8. ஆ. 5 கடலை, 8 குச்சி. இ. எப்போதும் 2. இதை 18ஆம் நூற்றாண்டில் எடுத்துக்காட்டியவர் சுவிற்சர்லாந்தில் பிறந்த கணித மேதை ஒய்லர்.

பெற்றோர்களே, அந்தத் தாய் பிறகு ஒரு மாலை புட்டுக் குழலையும் தோடம்பழத்தையும் மேசையில் வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார். இப்போது வீட்டுப்பாடத் தாள் மீண்டும் சமையலறைக்கு வருகிறதாம்.