சோதனைத் துண்டு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் இல்லங்களில் வழங்கும் பழமொழி. அரிசி வெந்துவிட்டதா என்று அறியப் பானை முழுவதையும் கொட்டிப் பார்க்க வேண்டுவதில்லை. ஒரு பருக்கையை அகப்பையில் எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தால் போதும். நசுக்கிய பருக்கை இலைக்கு வருவதில்லை. அதனை இழந்தே பானையின் நிலையை அறிகிறோம். உலோகத்தைக் கடைந்தும் துளைத்தும் பொறி உறுப்புகளை ஆக்கும் நுட்பப் பட்டறைகளிலும் இம்முறை வழங்கி வருகிறது.

உலோக வேலையில் ஓர் இடர் உண்டு. குயவர் வனையும்போது பானை கோணினால் மண்ணை மீண்டும் பிசைந்துகொள்ளலாம். பொற்கொல்லர் பொன்னை மீண்டும் உருக்கலாம். கடைசல் இயந்திரத்தில் சீவி எறிந்த இரும்பையோ மீண்டும் ஒட்டவைத்தல் அரிது. துளையொன்று வேண்டிய அளவினும் 0.02 மில்லிமீட்டர் பெருத்தாலும், அதில் இறுகப் பொருந்தவேண்டிய தண்டு தளர்ந்துவிடும். இது தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே. விமானப் பொறியின் பெருஞ்சக்கரம் போன்ற உறுப்பு, உலையில் காய்ச்சி அடிக்கப்பெற்று, பதம் செய்யப்பெற்று, பல இயந்திரங்களைக் கடந்த பின்னரே இறுதி வேலைக்கு வந்து சேரும். அங்கே பிழை நேரின் அதுவரை செய்த உழைப்பெல்லாம் வீணாம். ஆதலின், அவ்வேலையை முதலில் வேறொரு துண்டில் செய்து பார்ப்பர். அதுவே சோதனைத் துண்டு. அஃது எந்தப் பொறியிலும் ஏறப்போவதில்லை, கழிக்கப்படுவதற்கென்றே பிறந்தது.

மலிவான பொருளொன்றில் செய்து பார்த்தால் ஆகாதோ என்று நீங்கள் கேட்கலாம். கணினி வழி இயங்கும் இயந்திரத்தில், வெட்டுளி செல்லும் பாதை சரிதானா, எதிலேனும் மோதுமா என்பவற்றை மட்டும் அறிய மெழுகுக்கட்டி போதும். அளவை அறிய அது பயன்படாது. மெழுகு உளிக்கு எளிதில் வழிவிடும். எஃகோ உளியை எதிர்த்து வளைக்கும். உலோகங்களுக்குள்ளும் வேற்றுமை உண்டு. நூறு மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகு, பத்துப் பாகை செல்சியசு சூடேறினால் ஏறக்குறைய 0.012 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் ஏறக்குறைய 0.023 மில்லிமீட்டர் நீளும். இதனாலேயே நுட்ப அளவுகளை 20 பாகை செல்சியசில் எடுப்பதென்று உலக நாடுகள் வரையறுத்துள்ளன.

உலோகம் ஒன்றாயினும் வடிவம் வேறானால் சோதனை பொய்த்துவிடும். மெல்லிய வளையமொன்றை மூன்று பற்களையுடைய சக்கில் இறுகப் பிடித்து, அதன் உட்புறத்தைக் கடைவதாகக் கொள்வோம். சக்கில் இருக்கும்வரை துளை குறையற்ற வட்டமாகவே தோன்றும். பற்களைத் தளர்த்தியதும், அவை அழுத்திய மூன்றிடங்களிலும் வளையம் வெளிப்புறமாக மீண்டு வட்டம் கெடும். கனத்த கட்டியொன்றைச் சோதனைத் துண்டாகக் கொண்டவர்க்கு இக்குறை புலப்படாது. பழமொழியில் ஒரு சோறு சான்றாவது, அதுவும் அதே பானையில் அதே தீயில் வெந்தமையால் அன்றோ? சோதனைத் துண்டும் அவ்வாறே அதே உலோகமாய், அதே பிடிப்பில், அதே உளியால், அதே வேகத்தில் வெட்டப்பட வேண்டும்.

இனி, அளவு சரியாய் அமைந்தால் மட்டும் போதுமா? 1996 ஆம் ஆண்டு சூலை 6 ஆம் நாள், அமெரிக்க நாட்டின் பென்சகோலா விமான நிலையத்தில், ஒரு பயணிகள் விமானம் மேலெழும்பும் பொருட்டு ஓடத் தொடங்கியது. அப்போது அதன் இடப்பக்கப் பொறியின் விசிறிச் சக்கரம் வெடித்துச் சிதறிற்று. துண்டுகள் விமானத்தின் உடலைத் துளைத்தன. பயணிகள் இருவர் மாண்டனர். சக்கரம் டைட்டானியம் கலப்பு உலோகத்தால் ஆனது. அதிலிருந்த துளையொன்றின் சுவரிலேயே வெடிப்புத் தொடங்கியிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் அத்துளையை இட்டபோது எழுந்த கடுஞ்சூட்டால், அவ்விடத்தில் உலோகத்தின் உள்ளமைப்பு மாறி, மேற்படலம் கடினமாகியிருந்தது. பட்டறையை விட்டு வெளிவந்த நாளில் அச்சக்கரம் எல்லாச் சோதனைகளிலும் தேறியிருந்தது. 1995 இல் நடந்த பராமரிப்புச் சோதனையிலும் வெடிப்பு கண்ணுக்குத் தப்பிற்று. அத்தவற்றையே ஆராய்ச்சிக் குழுவினர் விபத்தின் காரணமாக வற்புறுத்தினர் எனினும், விதை விழுந்த இடம் துளையிடும் இயந்திரமே.

அளவுகோல் இத்தகைய குறையைக் காட்டாது. துளையை நெடுக்காக இரண்டாக அறுத்து, அறுத்த முகத்தை மெருகிட்டு, அமிலம் தடவி நுண்ணோக்கியில் நோக்கினால், சூடுபட்ட படலம் வேறு நிறமாய்த் தெரியும். பறக்கப்போகும் சக்கரத்தை இவ்வாறு அறுக்க இயலுமா? இங்கேதான் சோதனைத் துண்டின் பலி முற்றும் வேண்டப்படுகிறது. செலவு மிகுதியே, சில வேளைகளில் முழுச் சக்கரம் ஒன்றையே அறுத்துப் பார்க்க நேரும்.

ஆயினும் அத்துண்டு சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. வேலை செய்யும் முறை நன்று என்பதையே அது காட்டும். அடுத்த சக்கரத்தின் பத்தாவது துளையில் சீவல்கள் அடைத்துக் குளிர்நீர் தடைப்பட்டால், அதை அது முன்கூட்டி அறியாது. எனவே, தேறிய முறையை மாற்றாமல் காப்பதையும், துளையிடும்போது இயந்திரத்தின் விசையையும் குளிர்நீரின் ஓட்டத்தையும் கருவிகளால் கண்காணிப்பதையும் இணைத்தே கைக்கொள்கின்றனர். பென்சகோலா விபத்தின் பின் எழுந்த ஆய்வுகளின் பயனாக, இவை பற்றிய வழிகாட்டி நூலொன்றை அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை 2006 இல் வெளியிட்டது. இப்பட்டறைகளில் உளியின் வகையை மாற்றினாலும், குளிர்நீரை மாற்றினாலும், இயந்திரத்தை வேறிடத்தில் நிறுத்தினாலும், பழைய சான்று செல்லாது. மீண்டும் ஒரு துண்டைச் சக்கில் ஏற்றுவர்.