கரிந்த சுருளும் கற்றோர் கண்ணும்

புதியதொன்றைக் காண்டல் ஆராய்ச்சியின் பயன். கண்டது மெய்யே என நிறுவுதல் ஆராய்வோர் கடமை. இவ்விரண்டனுள் பின்னதே அரிது. முனைவர் பட்டத்திற்கு ஆராயும் மாணவர்க்கு இந்நாளில் செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய கருவி துணையாக வாய்த்துள்ளது. அதனை எங்ஙனம் கையாளுதல் வேண்டும் என்பதை, இத்தாலி நாட்டில் மண்ணுள் புதைந்து கிடந்த நூற்சுருள்களின் வரலாறு இனிது விளக்கும்.

கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை வெடித்தது. அதன் அடிவாரத்து ஹெர்குலேனியம் என்னும் நகர் அனற்சாம்பலில் மூழ்கியது. அந்நகரத்து மாளிகை ஒன்றில் நூலகம் ஒன்று இருந்தது. பாப்பிரஸ் என்னும் கோரைத் தாளில் எழுதிச் சுருட்டி வைத்த நூல்கள் வெந்து கரிக்கட்டைகள் போலாயின. 1752ஆம் ஆண்டில் அவை வெளிப்படலாயின. விரிக்க முயன்றபோது பல சுருள்கள் பொடிந்து உதிர்ந்தன. ஊடுகதிரால் நோக்கினும் எழுத்து எளிதிற் புலப்படவில்லை. தாளும் கரி, எழுதிய மையும் கரி ஆதலின் என்க.

அமெரிக்க நாட்டுக் கென்டக்கிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரென்ட் சீல்ஸ் என்பார், சுருளை விரிக்காமலே, ஊடுகதிர்ப் படங்களைக் கொண்டு கணிப்பொறியில் அதனை விரித்துக் காணும் முறையைப் பல்லாண்டு முயன்று வளர்த்தார். 2023ஆம் ஆண்டில் அப்படங்கள் உலகோர் யாவர்க்கும் வழங்கப்பட்டன; எழுத்தைக் கண்டறிவோர்க்குப் பரிசும் அறிவிக்கப்பட்டது.

கேசி ஹேண்ட்மர் என்பவர் அப்படங்களை நெடும்பொழுது தம் கண்ணால் உற்று நோக்கினார். மை படிந்த இடங்களில், வறண்ட சேற்று நிலம்போல் நுண்ணிய வெடிப்புகள் இருத்தலைக் கண்டார். அவர் கண்டதைப் பற்றுக்கோடாகக் கொண்டு, லூக் ஃபாரிட்டர் என்னும் கல்லூரி மாணவர் அவ்வெடிப்புகளைக் கண்டறியக் கருவியைப் பழக்கினார். மனிதர் கண் முன்னே சென்றது. கருவி பின்னே தொடர்ந்தது. பெர்லின் நகரில் முனைவர் பட்டத்திற்குப் பயின்றுவந்த எகிப்து நாட்டவராகிய யூசுப் நாதரும் தனியே முயன்றார். இருவரும் ஒரே சொல்லைக் கண்டனர். செவ்வூதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

ஈண்டு ஓர் இடர் உண்டு. பழகிய வடிவத்தை இல்லாத இடத்திலும் இருப்பதாகக் காட்டிவிடுதல் இத்தகைய கருவிகளின் குறை. எழுதாத எழுத்தை எழுதியதாகக் காட்டின், ஈராயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஆசிரியர் சொல்லாததைச் சொன்னதாகக் கூறிய பழி வந்து சேரும். ஆதலின், கருவிக்கு ஒரு நேரத்தில் ஓர் எழுத்தினும் சிறிய பகுதியே காட்டப்பட்டது. 'இவ்விடத்தில் மை உண்டா, இல்லையா?' என்னும் ஒரு வினாவிற்கே அது விடையிறுத்தது. எழுத்தைப் படித்துப் பொருள் கொள்ளுதல் கிரேக்கச் சுவடி வல்லுநர் பணியாயிற்று.

நாதர், ஃபாரிட்டர், சுவிட்சர்லாந்தில் பயின்ற ஜூலியன் ஷில்லிகர் ஆகிய மூவர் குழு, ஈராயிரத்திற்கும் மேற்பட்ட எழுத்துகளை வெளிக்கொணர்ந்தது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் 7,00,000 டாலர் பரிசு அவர்களுக்குரியதென அறிவிக்கப்பட்டது. இசை, உணவு முதலியவற்றால் உண்டாகும் இன்பத்தை ஆராயும் மெய்ப்பொருள் நூற்பகுதி அது என வல்லுநர் கண்டனர்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? கருவிக்கு இன்ன பணி என எல்லை வகுத்தல் வேண்டும். அது தந்ததை வேறு வழியாலும் சோதித்தல் வேண்டும். துறை வல்லார் முன் வைத்தல் வேண்டும். வினவியதும் உரைநடையில் விடை தரும் கருவிகள் இன்று பல உள. நெடிய கட்டுரையைச் சுருக்கவும், கணக்கை ஒழுங்குசெய்யவும் அவை உதவும். ஆயின், இல்லாத நூலுக்குப் பெயரும் ஆசிரியரும் ஆண்டும் புனைந்து கூறுதலும் அவற்றின்பால் உண்டு. மூலநூலைத் தேடிப் பாராமல் அதனை ஆய்வேட்டில் சேர்ப்பவர், தம்மை மட்டுமன்றித் தம்மை நம்பிப் பின்வருவாரையும் வழி தவறச் செய்வர்.

முனைவர் பட்டம் ஏட்டிற்கு அளிக்கப்படுவதன்று. அதனை எழுதிப் பயின்ற அறிவிற்கு அளிக்கப்படுவது. தேர்வாளர் அவையில் எழும் வினாவிற்கு விடை கூற வேண்டியவர் ஆய்வாளரே. கருவி அங்கு வாராது. உழைப்பைக் கருவியோடு பகிர்ந்துகொள்ளலாம். பொறுப்பைப் பகிர்தல் இயலாது.