ஸ்பவுஸ் விசா: கல்யாணத் தேதிக்கு முன்னாடியே ஆரம்பிக்கிற ஒரு கணக்கு

இந்தப் பதிவு கல்யாணம் முடிஞ்சு, கணவன் ஒரு நாட்டுல மனைவி ஒரு நாட்டுலன்னு இருக்கிறவங்களுக்கும், சீக்கிரம் அப்படி ஆகப்போறவங்களுக்கும். துணைவர் விசான்னு சொன்னதும் எல்லாரும் கல்யாண ஆல்பத்தைத் தேடுவாங்க. ஆல்பமும் வேணும்தான். ஆனா ஃபைல் தடுக்கி விழறது பெரும்பாலும் பேங்க் ஸ்டேட்மென்ட்லயும் பேஸ்லிப்லயும். அதனால இதை ஒரு ஆடிட்டர் கண்ணோட பார்ப்போம். பிரிட்டனை முக்கிய உதாரணமா எடுத்துக்கிறேன், ஏன்னா அங்க பண விதிகள் ரொம்ப விரிவா எழுதியிருக்காங்க. அதைப் புரிஞ்சுக்கிட்டா மத்த நாட்டு விதிகள் சுலபம்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். உங்க துணைவர் பிரிட்டன்ல ஸ்கில்டு ஒர்க்கர் விசால வேலை பார்த்தா, நீங்க போறது டிபென்டன்ட் விசா. பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வாங்கியிருந்தாதான் ஸ்பவுஸ் விசா. ரெண்டுக்கும் பண விதி வேற வேற. டிபென்டன்ட் விசாவுக்கு, துணைவருக்காக 285 பவுண்டு 28 நாள் கணக்குல இருக்கணும். வேலை கொடுத்தவரே பராமரிப்புக்கு உறுதி கொடுத்தா அதுவும் தேவையில்லை. ஆனா கேர் ஒர்க்கரா போனவங்க கவனிங்க: 2024 மார்ச் 11-க்கு அப்புறம் அந்த வேலைக்குப் புதுசா போனவங்க குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக முடியாது. ஏஜென்ட் என்ன சொன்னாலும் முடியாது.

இனி ஸ்பவுஸ் விசா. 2012 ஜூலையில இருந்து வருஷ வருமானம் 18,600 பவுண்டு இருந்தா போதும்னு இருந்துச்சு. 2024 ஏப்ரல் 11-ல அதை 29,000 ஆக்கிட்டாங்க. இந்த வருமான வரம்பையே எதிர்த்து நடந்த வழக்குல, 2017-ல பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரம்பு வைக்கிறது சட்டப்படி செல்லும்னு சொல்லிடுச்சு. அதனால இந்த நம்பரோட சண்டை போடறதை விட, அதுக்குத் தயாராகறதுதான் நம்ம வேலை.

ஒரு கற்பனை ஜோடி வச்சுக்கலாம். நந்தினி லீட்ஸ்ல அக்கவுன்ட்ஸ் அசிஸ்டன்ட். நிரந்தர வசிப்புரிமை இருக்கு. சம்பளம் வருஷத்துக்கு 27,000 பவுண்டு. சரவணன் எங்க ஊர் முள்ளிப்பட்டு பையன், சென்னையில மாசம் 90,000 ரூபாய் சம்பளத்துல சாஃப்ட்வேர் டெஸ்டர். அப்பா பட்டுத்தறி நெய்யறவர்.

"ரெண்டு பேர் சம்பளத்தையும் கூட்டிக்கலாமே"ன்னு சரவணன் நினைப்பார். முடியாது. இந்தியாவுல இருந்து அப்ளை பண்றப்போ அவரோட இந்தியச் சம்பளம் கணக்குல வராது. நந்தினி சம்பளம் மட்டும்தான். ஆனா சரவணனோட சேமிப்பு வரும். இந்த வித்தியாசம் தெரியாமலே நிறைய பேர் நாள் கடத்தறாங்க.

நந்தினிக்குக் குறையறது 2,000 பவுண்டு. அப்போ 2,000 பவுண்டு சேமிப்பு காட்டினா போதுமான்னா, போதாது. முதல் 16,000 பவுண்டை அவங்க கணக்குலயே எடுத்துக்க மாட்டாங்க. அதுக்கு மேல, குறையற தொகையோட இரண்டரை மடங்கு வேணும். 2,000-த்தை 2.5-ஆல் பெருக்கினா 5,000. அதோட 16,000. மொத்தம் 21,000 பவுண்டு. ஒரு பவுண்டு 115 ரூபாய்னு வச்சா 24 லட்சத்து 15 ஆயிரம்! சம்பளமே இல்லாம சேமிப்பை மட்டும் காட்டணும்னா 88,500 பவுண்டு.

இங்கதான் என்னோட அபிப்பிராயம்: குறை சின்னதா இருந்தா சேமிப்பு வழிக்கே போகாதீங்க. நந்தினி வருஷத்துக்கு 2,000 பவுண்டு கூடுதலா சம்பாதிச்சா அந்த 24 லட்சம் தேவையே இல்லை. இன்க்ரிமென்ட் கேட்கலாம், வாரக்கடைசியில ஒரு பார்ட் டைம் வேலை சேர்த்துக்கலாம். ரெண்டு வேலை வருமானத்தையும் கூட்டலாம். ஆனா ரெண்டுலயும் ஆறு மாசம் முடிச்சிருக்கணும், ஆறு மாசப் பேஸ்லிப்பும் அந்தப் பணம் பேங்க்ல விழுந்த ஸ்டேட்மென்ட்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகணும்.

அந்த ஆறு மாசத்துல ஒரு பொறி இருக்கு. மாசச் சம்பளக்காரங்களுக்கு, ஆறு மாசத்துல எது குறைஞ்ச சம்பளமோ அதை வச்சுதான் வருஷ வருமானம் பார்ப்பாங்க. கல்யாணத்துக்காக ஊருக்கு வந்து, லீவு தீர்ந்துபோய், ஒரு மாசம் லாஸ் ஆஃப் பே ஆச்சுன்னா? 30,000 பவுண்டு சம்பளக்காரரும் அந்த ஒரு பேஸ்லிப்பால வரம்புக்குக் கீழ போயிடலாம். அப்படி ஆகிட்டா அந்த மாசம் ஆறு மாசக் கணக்கை விட்டு வெளிய போற வரைக்கும் காத்திருந்து அப்ளை பண்றதுதான் பாதுகாப்பு. கல்யாணத் தேதியை ஜோசியர் பார்க்கட்டும், லீவு பேலன்ஸை நீங்க பாருங்க.

சரி, சம்பளம் கூட்ட வழியே இல்லை, சேமிப்புதான் காட்டணும்னு வச்சுக்கங்க. பணம் ஆறு மாசமா உங்க ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் கட்டுப்பாட்டுல, ரொக்கமா இருந்திருக்கணும். நகை, மனை, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் அப்படியே காட்டினா செல்லாது. பி.எஃப். பேலன்ஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறதும் வேஸ்ட். எஃப்.டி. செல்லும், நினைச்சப்போ உடைக்க முடியற எஃப்.டி.யா இருந்தா. உடைச்சா அபராத வட்டி பிடிப்பாங்கன்னாலும் பரவாயில்லை.

சரவணன்கிட்ட 12 லட்சம் எஃப்.டி. இருக்கு. நந்தினிகிட்ட 6,000 பவுண்டு, அதாவது 6.9 லட்சம். மீதியை அப்பா தரேன்னு சொல்றார். எங்க பக்கம் பாவும் ஊடையும் முதலாளி கொடுப்பார், சேலைக்கு இவ்வளவுன்னு கூலி வரும். அந்தக் கூலியில பாதி கையிலேயே வந்து, பீரோவுலயே தங்கிடும். அப்பா தர்ற பணத்துக்கு இந்தியாவுல பையனுக்கு வரி கிடையாது, எவ்வளவு ஆனாலும். ஆனா 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா கைமாத்தக் கூடாது. அப்பா தன் கணக்குல போட்டு, அங்கிருந்து டிரான்ஸ்ஃபர் பண்ணணும். ஒரு நிதியாண்டுல சேவிங்ஸ் கணக்குல 10 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கம் விழுந்தா, வருமான வரித்துறைக்குத் தகவல் தானாப் போகும்னும் ஞாபகம் இருக்கட்டும்.

அப்பா கொடுத்தது அன்பளிப்புன்னு ஒரு கடிதம் வாங்கி வைங்க. கடனா வாங்கின பணம் செல்லாது. அப்புறம் மொய்ப்பணம். மணமக்களுக்கு வந்த மொய்க்கு வரி இல்லை. பெத்தவங்க பேர்ல வாங்கினது அந்தச் சலுகைக்குள்ள வராது, அது வேற கதை. மொய்யை கல்யாணம் முடிஞ்ச வாரமே கணக்குல போட்டு, மொய் நோட்டைப் பத்திரமா வைங்க. ஆறு மாச கடிகாரம் பணம் பேங்க்ல விழுற நாள்லதான் ஓட ஆரம்பிக்கும்.

இன்னொரு விஷயம். ரூபாய்ல இருக்கிற சேமிப்பை, அப்ளை பண்ற நாள் ரேட்டுல பவுண்டா மாத்திப் பார்ப்பாங்க. ரூபாய் இறங்கினா உங்க 24.15 லட்சம் பத்தாது. அதனால சரவணனுக்கு நான் சொல்றது அப்பாகிட்ட 7 லட்சம் வாங்கச் சொல்லி. மொத்தம் 25.9 லட்சம். அந்த இடைவெளிதான் காப்பீடு. நடுவுல ஒரு நாள் கூட பேலன்ஸ் இறங்கக் கூடாது. எஃப்.டி.யை உடைச்சு தங்கச்சிக்கு ஸ்கூட்டி வாங்கித் தர்றதெல்லாம் விசா வந்த பிறகு.

செலவு? 2025 ஏப்ரல் கட்டணப்படி அப்ளிகேஷன் 1,938 பவுண்டு. ஹெல்த் சர்சார்ஜ் வருஷத்துக்கு 1,035 பவுண்டு. விசா 33 மாசத்துக்குன்னாலும் மூணு வருஷத்துக்கு வாங்கிடுவாங்க, 3,105. ரெண்டும் சேர்ந்து 5,043 பவுண்டு, நம்ம கணக்குல 5.8 லட்சம் ரூபாய். விசா மறுத்தா சர்சார்ஜ் திரும்ப வரும், அப்ளிகேஷன் கட்டணம் வராது. இந்த 5.8 லட்சத்தைக் காட்ட வேண்டிய சேமிப்புல இருந்து எடுத்துடாதீங்க, தனியா வைங்க. அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஏ1 அளவு ஆங்கிலத் தேர்வும் டி.பி. டெஸ்டும் முடிக்கணும். டெஸ்ட் அவங்க அங்கீகரிச்ச கிளினிக்ல மட்டும், சென்னையிலும் இருக்கு.

கல்யாணப் பதிவு பத்தி: தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்யணும். 90 நாள் டைம், தவறினா கூடுதல் கட்டணத்தோட இன்னும் 60 நாள். பத்திரிகையும் கோயில் ரசீதும் விசாவுக்குப் போதாது. பதிவுல பேரை பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே எழுத்து பிசகாம எழுதச் சொல்லுங்க. நம்ம இனிஷியல் பழக்கம் இங்க பெரிய தலைவலி. ஒரு சான்றிதழ்ல எஸ்.சரவணன், இன்னொண்ணுல அப்பா பேரே சர்நேம்னா, விளக்கம் எழுதியே காலம் போயிடும்.

சிங்கப்பூர்ல இருக்கிறவங்களுக்கு ரெண்டு வரி. எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் இருந்து, மாச நிலையான சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலராவது இருந்தா துணைவருக்கு டிபென்டன்ட்ஸ் பாஸ். ஓவர்டைமும் மாசா மாசம் மாறுற அலவன்ஸும் இந்த 6,000-ல சேராது, அதனால ஆஃபர் லெட்டர்ல பேசிக்கை எப்படிப் பிரிச்சிருக்காங்கன்னு கையெழுத்துக்கு முன்னாடியே பாருங்க. ஒர்க் பெர்மிட்காரங்களுக்கு இந்த வழி இல்லை. துபாய்ல வரம்பு 4,000 திர்ஹாம், இல்லைன்னா 3,000-மும் தங்குமிடமும். அங்க கல்யாணச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவுத் துறை, அவங்க தூதரகம்னு வரிசையா அட்டெஸ்டேஷன் வேணும், அதுக்கே சில வாரம் ஒதுக்குங்க.

சரவணன் விமானம் ஏறினதும் முதல் வேலை, சென்னை பேங்க்ல சொல்லி சேவிங்ஸ் கணக்கை என்.ஆர்.ஓ. ஆக்கறது. வெளிநாட்டுல குடியிருந்துக்கிட்டு சாதாரண சேவிங்ஸ் கணக்கை ஓட்டறது ஃபெமா விதிப்படி தப்பு. மியூச்சுவல் ஃபண்ட் கே.ஒய்.சி.யையும் அப்பவே மாத்திடுங்க. அப்பா கொடுத்த 7 லட்சத்தைத் திருப்பி அனுப்பணும்னு ஆசைப்பட்டா, அதுவும் அன்பளிப்புதான், அப்பாவுக்கும் வரி இல்லை.