‘வீட்லதானே இருக்கே!’

கேள்வி: எனக்கு வயது 34. சென்னையிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். 2020இல் கொரோனாவுக்காகத் திருநெல்வேலிக்கு வந்த நாள்முதல் வீட்டிலிருந்தே வேலை. படுக்கையறைக் கட்டில்தான் என் ஆபீஸ். காலை 10 மணிக்கு லாகின் செய்தால், மாலை 7.30க்குத் தொடங்கும் அமெரிக்க கிளையண்ட் கால் முடிந்து எழ இரவு 9 ஆகிவிடும். நடுவில் குக்கர், கேஸ் சிலிண்டர், மாமியாரின் மாத்திரை, மகளின் வீட்டுப்பாடம். எதற்கெடுத்தாலும் ‘வீட்லதானே இருக்கே’ என்கிறார்கள். வேலையும் சரியில்லை, வீடும் சரியில்லை என்ற குற்றவுணர்வு அரிக்கிறது. தூக்கம் வருவதில்லை. போன வாரம் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு ஏழு வயது மகளை அடித்துவிட்டேன். எனக்கு மனநோயா, டாக்டர்? வேலையை விட்டுவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் மகளிடமிருந்து தொடங்குவோம். இன்றே அவளை மடியில் இருத்தி, “அம்மா அடிச்சது தப்பு. உன்மேல கோபம் இல்ல, அம்மாவுக்கு ரொம்ப அசதி” என்று சொல்லுங்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு அது புரியும். ‘நாம் கெட்ட பிள்ளை’ என்ற எண்ணம் அவள் மனதில் தங்கக் கூடாது.

கடிதத்தை வைத்து நோய் இது என்று சொல்வது முறையல்ல. ஆனால் உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். காலை 10 முதல் இரவு 9 வரை 11 மணி நேரம். ஐந்து நாளைக்கு 55. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன. அடுப்படிக்குப் போன நேரத்தைக் கழித்துவிடலாமே என்பீர்கள். அதுவும் வேலைதானே, ஓய்வு எங்கே?

ஆபீஸ் போய்வந்த காலத்தில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த முக்கால் மணி நேரம் மனதை வேலையிலிருந்து இறக்கி வைத்தது. இப்போது லேப்டாப்பை மூடிய மறுநிமிடம் தோசைக்கல் முன்னால் நிற்கிறீர்கள். ஒரு வேலை முடிந்தது என்று மனதுக்குத் தெரிவதே இல்லை. குற்றவுணர்வு அங்கிருந்துதான் வருகிறது. உங்கள் திறமைக் குறைவால் அல்ல.

கட்டிலை விட்டு முதலில் இறங்குங்கள். ஹாலின் மூலையில் ஒரு மேஜையும் நாற்காலியும் போதும். படுக்கையில் வேலை பார்த்தால், அங்கே படுத்ததும் மூளை விழித்துக்கொள்ளப் பழகிவிடும். காலையில் இருபது நிமிடம் மொட்டை மாடியில் நடங்கள். காலை வெளிச்சம்தான் உடலின் கடிகாரத்தைச் சரிசெய்யும். வீடியோ காலில் உங்கள் முகம் உங்களுக்கே தெரிவதை மறைத்துவிடுங்கள். நாள் முழுக்கத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது களைப்பின் ஒரு காரணம் என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதினார். இரவு கால் உள்ள நாட்களில் பகல் 12.30க்கு வேலையைத் தொடங்க மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். சலுகை கேட்பதாக நினைக்க வேண்டாம்; நேரத்தை மாற்றித்தான் கேட்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் உடன் இருந்தால், கால் உள்ள இரவுகளில் வீட்டுப்பாடம் அவர் பொறுப்பு. மாமியாரின் மாத்திரைகளை ஞாயிறன்றே ஒரு வாரத்துக்குப் பிரித்து, நாள் எழுதிய டப்பாவில் போட்டுவிடலாம். எந்தெந்த நேரம் உங்களைக் கூப்பிடக் கூடாது என்பதை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். ‘வீட்லதானே இருக்கே’ என்றால், “வீட்லதான் இருக்கேன் அத்தை, ஆனா லீவுல இல்ல” என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். நாலு தடவை சொன்னால் பழகிவிடும்.

ஒரு ரத்தப் பரிசோதனையும் அவசியம். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே களைப்பையும் எரிச்சலையும் தரும். தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, காரணமற்ற அழுகை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் ஊர் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. ‘இருந்து என்ன பயன்’ என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். அன்றே 14416க்குப் பேசுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

வேலையை விடுவதா? இப்போது முடிவெடுக்க வேண்டாம். இரண்டு மாதம் இவற்றைச் செய்து, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் யோசியுங்கள். அன்றும் விடத் தோன்றினால் தயங்காமல் விடலாம். மாற வேண்டியது வேலை நேரமும் வீட்டாரின் பழக்கமும்தான் என்று தோன்றினால், அதைக் கேட்டு வாங்கும் தெம்பு அன்று உங்களிடம் இருக்கும்.